அறிகுறி போன பிறகும்: பதின்பருவ மூளையதிர்வும் இரத்த ஓட்டமும்

விளையாட்டில் தலையில் அடிபட்டு வந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை, இரத்தம் கசியவில்லை. அறிக்கையில் ‘நார்மல்’ என்று வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் போன மூச்சு திரும்பி வருகிறது. பிள்ளைக்கோ தலைவலி நின்றபாடில்லை. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, ஒரு பக்கம் படிப்பதற்குள் அசந்துபோகிறது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. இரண்டு வாரம் கழிந்ததும், “ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன தலைவலி?” என்ற கேள்வி எழுகிறது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறானோ என்ற சந்தேகம் பள்ளியிலும் வீட்டிலும் மெல்லத் தலைகாட்டுகிறது.

அந்த ஸ்கேன் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சி.டி.யும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யும் மூளையின் அமைப்பைப் படம் பிடிப்பவை. கன்கஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் மூளையதிர்வு, மூளையின் இயக்கத்தைக் குலைக்கும் காயம். 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023இல் தன் அறிக்கையை வெளியிட்ட விளையாட்டு மூளையதிர்வுக்கான 6ஆவது பன்னாட்டு மாநாடு, இந்தக் காயத்தின் வரையறைக்குள்ளேயே இரத்த ஓட்ட மாற்றத்தைச் சேர்த்திருக்கிறது. அமைப்பைக் காட்டும் படங்களில் ஒன்றும் தெரியாது. இரத்த ஓட்டத்தையோ வளர்சிதை மாற்றத்தையோ அளக்கும் படங்களில் மாற்றம் தெரியலாம் என்று அது தெளிவாகவே சொல்கிறது.

அந்த இரத்த ஓட்டம் அடிபட்ட நாளிலிருந்து என்னவாகிறது? எப்போது பழைய நிலைக்கு வருகிறது? தலைவலி நின்ற நாளும் ஓட்டம் சீரான நாளும் ஒன்றுதானா? வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் இதெல்லாம் எப்படி வேறுபடுகிறது? கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன: அறிகுறி மறைவதும் ஓட்டம் சீராவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆனால் ஓட்டம் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. இந்த முரணைப் புரிந்துகொள்வதுதான் இந்தத் துறையைப் புரிந்துகொள்வது என்று நினைக்கிறேன். அதற்கு முன் அடிப்படை சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

அடி விழுந்த கணத்தில்

தலையில் விழும் அடி மூளையை மண்டையோட்டுக்குள் குலுக்கி முறுக்குகிறது. நரம்பு செல்களின் சவ்வுகள் இழுபடுகின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. குளுட்டமேட் தாறுமாறாக வெளிப்பட்டுப் பக்கத்து செல்களையும் கிளறிவிடுகிறது. கால்சியம் உள்ளே புகுந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் போய்ச் சேர்கிறது. கலைந்த அயனிகளை அதனதன் இடத்துக்குத் திருப்ப, சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்புகள் இடைவிடாமல் ஓட வேண்டும். அதற்கு ஏராளமான குளுக்கோஸ் தேவை. சரியாக அந்த நேரத்தில்தான் மூளைக்கு வரும் இரத்தம் குறைகிறது. தேவைக்கும் வரத்துக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியை மையமாக வைத்து, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001இல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் வருகிற எல்லோருக்கும் இன்றும் முதல் பாடமாக இருக்கிறது.

அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. முதல் சில மணி நேரம் குளுக்கோஸ் செலவு எகிறுகிறது. பிறகு இயல்புக்குக் கீழே இறங்கி, வளர்ந்த எலிகளில் ஒரு வாரம் பத்து நாள்வரை அங்கேயே கிடக்கிறது. அதே ஆய்வுக் குழுவினர் 2013இல் வெளியிட்ட இன்னொரு சோதனையைப் பெற்றோர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மனிதரின் பதின்பருவத்துக்கு ஒப்பான வயதிலுள்ள எலிகளுக்கு இரண்டு முறை லேசான அடி கொடுத்தார்கள். முதல் அடியால் குளுக்கோஸ் பயன்பாடு தாழ்ந்திருக்கும்போதே இரண்டாவது அடி விழுந்தால், அந்தத் தாழ்வு இன்னும் ஆழமாகி நீண்டது. தாழ்வு சரியான பிறகு விழுந்த அடி, தனியாக விழுந்த ஒற்றை அடியைப் போலவே நடந்துகொண்டது. அடியின் வேகம் ஒன்றுதான். எந்த நாளில் விழுந்தது என்பதே விளைவை மாற்றியது.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேமித்து வைக்க அதனிடம் இடமில்லை. நொடிக்கு நொடி வரத்து வேண்டும். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவுக்கு மடையைத் திறந்து மூடுவதுபோல, மூளையின் நுண்தமனிகள் தாமே விரிந்து சுருங்கி வரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. இதற்கு மூன்று வழிகள் உண்டு. இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டம் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் விரிவதும் குறைந்தால் சுருங்குவதும் இன்னொன்று. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு இரத்தத்தைக் கூட்டி அனுப்புவது மூன்றாவது. மூளையதிர்வுக்குப் பிறகு ஓட்டத்தின் அளவு மட்டுமே மாறுவதில்லை. இந்த மூன்று கட்டுப்பாடுகளும் தடுமாறக்கூடும். பின்னால் வரும் முரண்களுக்கு இது ஒரு திறவுகோல்.

நகரும் அளவுகோல்

வளர்ந்தவரின் மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி இரத்தம் பாய்கிறது. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த வயதில் நரம்பு இணைப்புகள் மிகுதி. அவற்றைப் பேண ஆற்றலும் மிகுதியாகத் தேவை. பதின்பருவத்தில் வேண்டாத இணைப்புகள் களையப்பட, ஓட்டமும் படிப்படியாக இறங்குகிறது.

இந்த இறக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் தியோடர் சாட்டர்த்வெய்ட் குழுவினர் ஃபிலடெல்ஃபியாவில் 8 முதல் 22 வயதுவரையிலான 922 பேரை அளந்து 2014இல் வெளியிட்ட முடிவுகள், இந்தத் துறையையே யோசிக்க வைத்தவை. பையன்களுக்கு ஓட்டம் பதின்பருவத்தின் கடைசிவரை குறைந்துகொண்டே போகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பூப்புப் பருவத்தின் நடுப்பகுதிவரை குறைந்து, அதன்பிறகு மறுபடி ஏறுகிறது. ஆக, பதினாறு வயதில் ஆணும் பெண்ணும் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடிபட்ட ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் அளவை, வயது மட்டும் ஒத்த ஆண்-பெண் கலவையான குழுவின் சராசரியோடு ஒப்பிட்டால், காயத்தின் விளைவு எது, வளர்ச்சியின் விளைவு எது என்று பிரிப்பது மிகக் கடினம். பெரியவர்களை ஆராய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

எப்படி அளக்கிறார்கள்

1940களில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் மனித மூளையின் இரத்த ஓட்டத்தை முதன்முதலில் எண்ணாகச் சொன்னபோது, நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து, கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு வந்த முறைகள் பலவற்றுக்குக் கதிரியக்கப் பொருள் தேவைப்பட்டது. நலமாக இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையை ஒப்பீட்டுக்காக இப்படியெல்லாம் குத்திப் பார்க்க முடியாது. 1982இல் ரூனே ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய டாப்ளர் முறை, நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பு வழியே ஒலியலை அனுப்பி, பெரிய தமனியில் இரத்தம் பாயும் வேகத்தைச் சொன்னது. எளிது, மலிவு, எங்கும் தூக்கிச் செல்லலாம். ஆனால் அது தருவது வேகம்தான். எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்பதைக் காட்டாது.

பிள்ளைகளின் ஆய்வுக்கு வாசலைத் திறந்தது 1992இல் ஜான் டெட்ரேயும் அவரது சகாக்களும் உருவாக்கிய ஆர்டீரியல் ஸ்பின் லேபிளிங் என்ற எம்.ஆர்.ஐ. முறை. ஊசியும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. கழுத்துத் தமனியில் மேலேறும் இரத்தத்தின் நீர் மூலக்கூறுகளைக் காந்தப்புலத்தால் அடையாளமிடுகிறார்கள். அந்த இரத்தம் மூளைத் திசுவுக்குப் போய்ச்சேர ஒன்றரை, இரண்டு நொடி காத்திருந்து ஒரு படம் எடுக்கிறார்கள். அடையாளமிடாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவது, வந்துசேர்ந்த இரத்தம். அந்த மிச்சம் மொத்த சமிக்ஞையில் சுமார் 1 சதவீதம்தான். அதனால் சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தலைவலியும் எரிச்சலுமாக இருக்கிற பிள்ளைக்கு, அந்த இரைச்சலான குழாய்க்குள் அது எளிதல்ல.

வேறு குழப்பங்களும் உண்டு. இரத்தம் வந்துசேரத் தாமதமானால், ஓட்டமே குறைவு என்பதுபோலப் படத்தில் தெரியும். இரத்தத்திலுள்ள சிவப்பணு விகிதம் கணக்கை மாற்றும். அதுவும் பூப்புக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தாலே ஓட்டம் 20 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும். அடிபட்டவர்களுக்கும் அடிபடாதவர்களுக்கும் இடையே ஆய்வுகள் கண்ட பல வேறுபாடுகள் இதே அளவுதான் என்பதால், காலையில் என்ன குடித்தாய், இரவு தூங்கினாயா, என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்காத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

குறைகிறதா, கூடுகிறதா

பிள்ளைகளிடம் செய்யப்பட்ட முக்கியமான முதல் ஆய்வு அமெரிக்காவின் சின்சினாட்டியிலிருந்து 2012இல் வந்தது. டாட் மாகன்ஸ் குழுவினர் விளையாட்டில் அடிபட்ட 11 முதல் 15 வயதுவரையிலான 12 பேரை மூன்று முறை பார்த்தார்கள்: 72 மணி நேரத்துக்குள், 14ஆம் நாள், 30 நாளுக்குப் பிறகு. மூளையின் அமைப்பில் மாற்றமில்லை. நரம்பு செல்களின் நலத்தைக் காட்டும் வேதிப்பொருளிலும் மாற்றமில்லை. இரத்த ஓட்டம் மட்டும் 100 கிராமுக்கு 48 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 38ஆக இருந்தது. 14ஆம் நாளில் 27 சதவீதம் பேருக்கே அது இயல்பை நோக்கித் திரும்பியிருந்தது. 30 நாளுக்குப் பிறகும் 64 சதவீதம் பேருக்குத்தான். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு மாதம் கடந்தும் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு ஓட்டம் மீளவில்லை என்பது அன்றைக்குப் புதிய செய்தி.

அதற்கடுத்து வந்தவற்றில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்தது, விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரிக் குழுவினர் 2016இல் வெளியிட்டது. பதினெட்டு வயதையொட்டிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களை அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், 8ஆம் நாள் ஒருமுறையும் படமெடுத்தார்கள். முதல் நாள் தலைவலி, தலைசுற்றல், மறதி எல்லாம் உச்சத்தில் இருந்தன. 8ஆம் நாள் பெரும்பாலும் சரியாகிவிட்டார்கள், சோதனைகளிலும் தேறினார்கள். ஆனால் முதல் நாளைவிட 8ஆம் நாளில்தான் இரத்த ஓட்டம் தெளிவாகக் குறைந்திருந்தது. ‘எனக்கு ஒன்றுமில்லை, விளையாடப் போகிறேன்’ என்று பிள்ளை சொல்லும் அதே நாளில் மூளை தன் தாழ்ந்த நிலையில் இருந்திருக்கிறது.

2015இல் திமோத்தி மெயர் குழுவினர் கல்லூரிக் கால்பந்து வீரர்களிடம், மேற்பக்க நடு இன்சுலா என்ற பகுதியைக் கவனித்தார்கள். ஒரு மாதத்தில் பெரும்பாலானோருக்கு ஓட்டம் சீராகிவந்தது. மீள்வதில் பின்தங்கியவர்களுக்கு அந்த இடத்தில் குறைவாகவே இருந்தது. டொராண்டோவில் நேதன் சர்ச்சில் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தூரம் போனது. மருத்துவர் அனுமதித்து ஆட்டத்துக்குத் திரும்பி ஓராண்டு கழிந்த பல்கலைக்கழக வீரர்களிடமும், சில பகுதிகளில் ஓட்டம் குறைவாகவே இருந்தது. இவர்கள் பதின்பருவத்தின் விளிம்பைத் தாண்டியவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

இதுவரை கதை ஒரே பக்கம் போகிறது. கனடாவின் கால்கரியிலிருந்து கேரன் பார்லோ குழுவினர் 2017இல் வெளியிட்டது அதை உடைத்தது. 8 முதல் 18 வயதுவரையிலான பிள்ளைகளை, அடிபட்டு ஏறத்தாழ 40 நாள் கழித்து, மூன்று குழுவாகப் பார்த்தார்கள்: இன்னும் அறிகுறி உள்ளவர்கள், அறிகுறி போனவர்கள், அடிபடாதவர்கள். அறிகுறி உள்ளவர்களுக்கு ஓட்டம் இயல்பைவிடக் கூடுதலாக இருந்தது. அறிகுறி போனவர்களுக்கு இயல்பைவிடக் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு ஜாக்லின் ஸ்டீஃபன்ஸ் குழுவினர் பதின்பருவ விளையாட்டு வீரர்களிடம், இரண்டாவது வாரத்தில் இடது இன்சுலாவிலும் முன்பக்க சிங்குலேட் பகுதியிலும் ஓட்டம் கூடியிருப்பதைக் கண்டார்கள். ஆறாவது வாரத்தில் அறிகுறிகள் அடங்கிவிட்டன. சிங்குலேட்டில் கூடியிருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

குறைவு என்றவர்களும் கூடுதல் என்றவர்களும் கவனமாக வேலை செய்தவர்கள்தான். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இருவரும் எப்போது, யாரை, எந்த நிலையில் பார்த்தார்கள் என்று கேட்பது பயன் தரும். முதல் வாரத்தில் பார்த்தவர்கள் பெரும்பாலும் குறைவைக் கண்டார்கள். தேவையும் வரத்தும் பொருந்தாத காலம் அது. வாரங்கள் கழித்து, அதுவும் தலைவலி விடாத பிள்ளைகளைப் பார்த்தவர்கள் கூடுதலைக் கண்டார்கள். பழைய வேலையையே செய்ய மூளை அதிகமாக உழைக்க வேண்டியிருப்பதால் அந்தப் பகுதிகளுக்கு இரத்தம் கூடிப் பாய்ந்திருக்கலாம். தமனிகளின் கரியமில வாயுக் கட்டுப்பாடு பிசகியிருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் இரத்தநாளங்கள் இயல்பிலேயே வேறு மாதிரி நடந்துகொள்வதால், அவர்களே அந்தக் குழுவில் அதிகம் சேர்ந்திருக்கவும் கூடும். மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே நடக்கவும் இடமுண்டு.

இன்னொன்றும் என் கண்ணில் படுகிறது. திசை மாறினாலும் இடம் திரும்பத் திரும்ப ஒன்றாக வருகிறது: இன்சுலா, அதனோடு சேர்ந்து இயங்கும் முன்பக்க சிங்குலேட். இதயத் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், உடலின் உள்நிலை உணர்வு ஆகியவற்றை மேற்பார்வையிடும் பகுதிகள் இவை. மூளைக்கு இரத்தம் அனுப்பும் ஏற்பாட்டை ஆளுகிற இடங்களிலேயே இரத்த ஓட்டம் பிசகுகிறது என்றால், எழுந்து நின்றால் கிறுகிறுப்பதும், மாடிப்படி ஏறினால் தலைவலி இடிப்பதும், சும்மா இருக்கும்போதும் நெஞ்சு படபடப்பதும் பிள்ளையின் கற்பனை அல்ல.

இரண்டாவது அடி

கட்டுப்பாடு தளர்ந்த காலத்தில் இன்னொரு அடி விழுவதுதான் இதில் உயிருக்கு ஆபத்தான பகுதி. 1984இல் சாண்டர்ஸும் ஹார்பாவும் இதற்கு இரண்டாம் அடி நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். தமனிகள் சுருங்கும் திறனை இழந்து விரிந்துவிட, இரத்தம் வரம்பின்றிப் பாய்ந்து, மண்டையோட்டுக்குள் இடமில்லாமல் மூளை வீங்குகிறது; சில நிமிடங்களில் மூளைத்தண்டு நசுங்கக்கூடும். பதிவானவர்களில் பெரும்பாலோர் பதின்பருவத்தினர், இளைஞர்கள். இப்படித் தனியாக ஒரு நோய்க்குறி உண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது: பல நிகழ்வுகளில் முதல் அடி விழுந்ததற்குச் சரியான சாட்சியம் இல்லை, ஒற்றை அடியிலேயே பிள்ளைகளின் மூளை இப்படி வீங்குவதும் உண்டு என்கிறார்கள் ஐயம் எழுப்புகிறவர்கள். அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் அரிதானது, விவாதத்துக்குரியது என்பதற்காக மைதானத்தில் கவனத்தைத் தளர்த்த முடியாது.

கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கர் 17 வயதுப் பள்ளி ரக்பி வீராங்கனை. 2013 மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்த ஆட்டங்களில் அடிபட்டு இறந்துபோனார். தனக்கு மூளையதிர்வு இருக்குமோ என்று அவர் இணையத்தில் தேடியிருக்கிறார், தோழியரிடம் குறுஞ்செய்தியில் சொல்லியும் இருக்கிறார். பெரியவர்கள் யாருக்கும் அது எட்டவில்லை. அவர் பெயரால் ஒன்டாரியோ மாகாணம் 2018இல் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 2006இல் 13 வயதில் அடிபட்டு அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கிவிடப்பட்டு, உயிர் பிழைத்தும் நெடுங்காலம் முடங்கிய சாக்கரி லிஸ்டெட் பெயரால் 2009இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இளைஞர் விளையாட்டில் மூளையதிர்வுச் சட்டத்தை ஏற்றன. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடு, அன்றைக்கு மறுபடி இறக்காதே, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகே சேர்த்துக்கொள் என்பதே அவற்றின் சாரம். நம் பள்ளி மைதானங்களில் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, அடுத்த ஓவருக்கோ அடுத்த ரெய்டுக்கோ அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்த மூன்று விதிகளைப் பின்பற்ற எந்த ஸ்கேனும் வேண்டாம், செலவும் இல்லை.

இருட்டறையிலிருந்து டிரெட்மில்லுக்கு

இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்றால் முழு ஓய்வு கொடுப்போம் என்று தோன்றுவது இயல்பு. நீண்ட காலம் மருத்துவமும் அப்படித்தான் செய்தது: இருட்டறை, புத்தகம் இல்லை, நண்பர்கள் இல்லை. 2015இல் மில்வாக்கியில் டேனி தாமஸ் குழுவினர் 11 முதல் 22 வயதுவரையிலானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 5 நாள் கண்டிப்பான ஓய்விலும், மற்றவர்களை வழக்கமான ஓரிரு நாள் ஓய்விலும் விட்டுப் பார்த்தார்கள். கண்டிப்பாக ஓய்வெடுத்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். அவை அடங்கவும் அதிக நாள் பிடித்தது.

அமெரிக்காவின் பஃபலோவில் ஜான் லெடியும் பேரி வில்லரும் இதைத் தலைகீழாக அணுகினார்கள். அவர்கள் வகுத்த சோதனையில் பிள்ளை டிரெட்மில்லில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடக்கத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் சாய்வைக் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு நிமிடமும் நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டு, ‘தலைவலி பத்துக்கு எத்தனை? கிறுகிறுப்பு எத்தனை?’ என்று கேட்கிறார்கள். தொடங்கியபோது இருந்ததைவிட அறிகுறி தெளிவாகக் கூடியதும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கணத்தின் நாடித்துடிப்புதான் அந்தப் பிள்ளையின் வரம்பு. அது 150 என்றால், அதில் 80 சதவீதமான 120ஐத் தாண்டாமல் தினமும் 20 நிமிடம் நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ சொல்கிறார்கள். பிறகு மறுபடி சோதித்து வரம்பை உயர்த்துகிறார்கள்.

2019இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வில், அடிபட்டுப் பத்து நாளுக்குள் வந்த 13 முதல் 18 வயதுவரையிலான 103 பேரில், இப்படி உடற்பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 13 நாளில் மீண்டார்கள். தசைகளை நீட்டும் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆயிற்று. 2021இல் 118 பேரிடம் மறுபடி பார்த்தபோது 14 நாளும் 19 நாளுமாக வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அறிகுறி நீடிக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆம்ஸ்டர்டாம் அறிக்கை இதை ஏற்றுக்கொண்டது: முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அதன்பிறகு அறிகுறியைப் பெரிதாகக் கிளறாத அளவு நடமாட்டம். கைபேசி விஷயத்தில் மட்டும் அந்த முதல் 48 மணி நேரக் கட்டுப்பாடு பலன் தருவதாகத் தனி ஆய்வு சொல்கிறது.

உடற்பயிற்சி ஏன் உதவுகிறது என்பதற்கும் இரத்த ஓட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2016இல் இதே பஃபலோ குழு, அறிகுறி நீடித்த கல்லூரி வீராங்கனைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு டாப்ளரால் பார்த்தது. உழைப்புக்குத் தேவையான அளவு அவர்கள் மூச்சு விடவில்லை. அதனால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கியது. மூளைத் தமனியில் ஓட்டம் அளவுக்கு மீறிக் கூடியது. தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தன. வரம்புக்குக் கீழே பயிற்சி கொடுத்த பிறகு மூச்சும் வாயுவும் ஓட்டமும் இயல்புக்குத் திரும்பின, அறிகுறிகளும் அடங்கின. பங்கேற்றவர்கள் ஒற்றை இலக்கம்தான். ஆனாலும் அறிகுறி, கட்டுப்பாடு, சிகிச்சை மூன்றையும் ஒரே சங்கிலியில் காட்டிய ஆய்வு இது. நம் ஊரில் இதயப் பரிசோதனைக்கு டி.எம்.டி. எடுக்கும் டிரெட்மில் சிறு நகரங்களில்கூட இருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில், இந்தச் சோதனைக்கு அது போதும்.

படத்தை எதற்கு நம்பலாம்

ஓட்டப் படம் எடுத்துக் காட்டினால் மட்டும் திரும்பவும் விளையாட விடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். இப்போதைக்குக் கூடாது. இதுவரை வந்தவை எல்லாம் குழுக்களின் சராசரிகள். ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் படத்தை வைத்து, இவன் தேறிவிட்டான், இவள் தேறவில்லை என்று சொல்லும் எல்லைக்கோடு வகுக்கப்படவில்லை. அடிபடுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் ஓட்டம் எவ்வளவு இருந்தது என்று யாரிடமும் கணக்கில்லை. வளர்ச்சியாலும் அது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் அறிக்கையும் இத்தகைய படங்களை ஆய்வுக்குரியவையாகவே வைத்திருக்கிறது. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து இப்படியொரு படம் எடுத்துவந்து பயப்படவும் வேண்டாம், அதைக் காட்டி நிம்மதியடையவும் வேண்டாம்.

படம் தந்திருப்பது வேறொன்று. அறிகுறி நின்ற நாளிலேயே மோதல் விளையாட்டுக்கு அனுப்பாமல் படிப்படியாக ஏற்றுவதற்கு உடலியல் காரணம் உண்டு என்று அது காட்டியிருக்கிறது. பெரியவர்கள் இரண்டு வாரத்தில் மீளும்போது பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம் என்று மருத்துவர்கள் சொல்வதை அது தாங்கி நிற்கிறது. கனடாவில் ரோஜர் ஜெமெக் குழுவினர் ஒன்பது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 5 முதல் 18 வயதுக்குட்பட்ட 3,063 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்டபோது, 28 நாள் கழிந்தும் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு அறிகுறி இருந்தது. பள்ளிக்கு மருத்துவர் எழுதும் கடிதத்தில், பாதி நாள் வகுப்பு, தேர்வுக்குக் கூடுதல் நேரம் என்று கேட்க இந்த எண்ணிக்கையே போதும்.

அந்தக் கனடியப் பிள்ளைகளின் தரவை வயதுவாரியாகவும் பாலினவாரியாகவும் பிரித்து 2019இல் மறுபடி ஆராய்ந்தார்கள். பதின்பருவப் பையன்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் மீண்டார்கள். பதின்பருவப் பெண்களில் பலருக்குப் பன்னிரண்டு வாரமும் போதவில்லை. ஃபிலடெல்ஃபியா ஆய்வு காட்டியபடி, ஆணின் ஓட்டமும் பெண்ணின் ஓட்டமும் பிரிந்துபோகும் அதே வயது இது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை யாராவது நேரடியாகச் சோதிக்க வேண்டும். ஆனால் முதல் நாளும் எட்டாம் நாளும் அளந்த ஆய்வு அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஆண்களிடம் செய்யப்பட்டது. இன்சுலாவைக் கவனித்த மெயரின் ஆய்வும் அவர்களிடமே. பெண்களைத் தனியாகப் பார்த்த பஃபலோ ஆய்விலோ பத்துப் பேர்கூட இல்லை. ரக்பியும் கால்பந்தும் ஹாக்கியும் கபடியும் ஆடுகிற பெண் பிள்ளைகளை, போட்டிகள் தொடங்கும் முன் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, அவர்களில் அடிபட்டவர்களை முதல் நாளிலும், எட்டாம் நாளிலும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் திரும்ப அளக்கும் ஆய்வுதான் இனி முதலில் நடக்க வேண்டியது. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் அளந்தார்கள் என்பதையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும்.